பால் கவர் ஒட்டிய சுவர்

திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் நிற்கிற இடத்திலிருந்து வடக்கே பிரிகிற தெருவில் நாலாவது வீடு அழகியுடையது. அந்த வீட்டு முன்னறைச் சுவர் இருக்கிற லட்சணத்தைப் பார்த்தால், வீட்டுக்காரி பெயிண்டர் என்று சத்தியம் பண்ணிச் சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். இடுப்பு உயரத்துக்குக் கீழே ரோஸ் கலர் செதில் செதிலாகக் கிளம்பி நிற்கும். விரல் பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மற்ற மூன்று சுவரும் பளிச்சென்று இருக்கும், அதுதான் கூத்து. வேலைக்குக் கூப்பிட வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஊரு வீட்டுச் சுவத்தையெல்லாம் கண்ணாடி ஆக்குறீங்க, ஒங்க வீட்டச் சீந்த ஆளில்லையா?" என்று கேட்பார்கள்.

"அது எனக்கு வேணுங்க" என்பாள். எதுக்கு வேணும் என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். வெளியாள்களிடம் அதை அவள் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

அழகிக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பதினெட்டில் கார்முகிலைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இவள் வந்த மறு மாசமே சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பதினெட்டு வருஷம் கலவைச் சட்டி தூக்கிய தலை அது. கொத்தனார் பூசி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்; மறுநாளிலிருந்து அந்தச் சுவருக்குக் காலையும் சாயங்காலமும் தண்ணீர் அடிப்பது சித்தாள் பாடு. அப்படி எத்தனையோ சுவருக்குத் தண்ணீர் காட்டியவளுக்கு, பூச்சு தண்ணீர் குடிக்கிற சத்தமே அத்துப்படி. புதுசில் சுர்ரென்று இழுக்கும். போகப்போக வேண்டாம் என்று வழியவிடும். உள்ளங்கையை வைத்துப் பார்த்தே இது எத்தனை நாள் பூச்சு என்று சொல்லிவிடுவாள்.

பெயிண்டர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. அவர்கள் வந்து சேரும்போது சுவர் மேலுக்கு வெளுத்துக் காய்ந்து நல்ல பிள்ளையாக நிற்கும். உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று அதுவாகவா சொல்லும்?

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அழகி திடுதிப்பென்று சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆண்டியப்பன் மேஸ்திரியிடம் போய் நின்றாள். ஊருக்குள் பாதி வீட்டுக்குப் பெயிண்ட் அவர் கைதான். "அண்ணே, என்னயப் பெயிண்ட் வேலைக்குச் சேத்துக்கங்க" என்றாள். "சுவத்தத் தேய்க்க ஆளு வேணும், வா" என்றார். நாலு வருஷம் உப்புத்தாளும் கையுமாகத் தேய்த்தாள். தலையெல்லாம் பட்டி மாவு படிந்து, வீட்டுக்கு வரும்போது எழுபது வயதுக் கிழவி மாதிரி இருப்பாள். தேய்த்துக்கொண்டே, சுவரில் அந்த மாவை இழைத்துப் பட்டி பார்க்கவும் பிரஷ் பிடிக்கவும் ரோலர் உருட்டவும் கற்றுக்கொண்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கூடத் தேய்த்துக்கொண்டிருந்த மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"போத்தா, போ. சாரத்துல ஏறி நின்னவன்லாம் மேஸ்திரி ஆயிட்டா அப்புறம் நாங்கல்லாம் எதுக்கு?" என்றார்.

தனியாக வந்து ஒன்றரை வருஷம் சில்லறை வேலைதான். ஒரு கடை, ஒரு மாட்டுக்கொட்டகை, ஒரு ஸ்கூலில் நாலு வகுப்பறை. அந்த ஸ்கூலில் டீச்சராக இருக்கிற ஷர்லிக்கு இவள் வேலை பிடித்துப்போனது. நார்த்தாமலை போகிற வழியில் ஷர்லி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். மாடியில் நின்றால் மலை தெரியும். "அழகிக்கா, எங்க வீடு முழுசும் நீங்கதான்" என்றாள். பட்டியில் ஆரம்பித்துக் கடைசிக் கோட்டிங் வரை ஒரு முழு வீடு, தன் பேரில். அழகிக்கும் அந்த மூன்று பெண்களுக்கும் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் மழை விட்டபாடில்லை. பூச்சு வேலை தள்ளிக்கொண்டே போய் மார்கழிக் கடைசியில்தான் முடிந்தது. ஷர்லியின் வீட்டுக்காரர் ஜெரால்டு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவர். வீடு மந்திரிக்க ஃபாதரிடம் தேதி வாங்கி, பத்திரிகையும் அடித்து, லீவு போட்டு வந்து இறங்கினார். மந்திரிப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஹால் மேற்குச் சுவரைப் பூசி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

அழகி வந்தாள். ஹால் சுவரில் கையை வைத்தாள். ஒவ்வொரு ரூமாகப் போய் வைத்தாள். மாடிக்கும் போய்விட்டு இறங்கி வந்தவள், "டீச்சர், பால் வாங்குற கவரெல்லாம் கழுவி எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றாள்.

ஷர்லி ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அழகி கவர்களைக் கிழித்து விரித்து, சுவருக்கு ஒன்றாக வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினாள். ஜெரால்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சுவத்துக்குப் பிளாஸ்திரியா?"

"ஜொரம் பாக்குறேன் சார். நாளைக்கு இந்நேரம் சொல்லிரும்."

மறுநாள் வந்து பார்த்தால், ஒட்டின ஆறு கவரில் நாலில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அழகி ஒன்றைப் பிய்த்து ஜெரால்டு கையில் கொடுத்தாள்.

"இது பனி இல்ல சார். உள்ள இருந்து சுவரு விட்ட தண்ணி. பூசி முழுசா ஒரு மாசமாச்சும் காயணும். இந்த மழைக்கு இன்னும் கூடவே ஆகும். இப்பப் பட்டி பாத்து மேல பெயிண்ட அடிச்சு அடைச்சம்னா, அந்தத் தண்ணி வெளிய வர வழி தேடி, பெயிண்டத் தள்ளிக்கிட்டுத்தான் வரும்."

ஜெரால்டு உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்துவந்தார். அட்டையில் கம்ப்யூட்டரில் வரைந்த அவர் வீடு. சுவரெல்லாம் இளநீலம்.

"ஐந்நூறு பேருக்குக் கொடுத்தாச்சுக்கா. இந்தக் கலருலதான் எல்லாரும் தேடிக்கிட்டு வருவாங்க. அதக்கூட விடுங்க. நான் இப்பப் போனா திரும்பி வர ரெண்டு வருஷம். பதினோரு வருஷமா அங்கிட்டு ஒரு ரூமுல எட்டுப் பேரோட படுத்துக்கிட்டு, இந்த வீட்டத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். என் வீட்டக் கலரோட ஒரு தடவ பாத்துட்டுப் போக வேணாமா?"

அழகிக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனுஷன் கேட்டதில் என்ன தப்பு?

"ஆண்டியப்பன் மேஸ்திரியும் நேத்து வந்து பாத்தாரு" என்றார் ஜெரால்டு. "அதெல்லாம் பிடிச்சுக்கும், எட்டே நாள்ல முடிச்சுத் தாரேங்குறாரு. ஒங்களக் குறை சொல்லல. நாளைக்குக் காலைல சொல்லுங்க. நீங்க இல்லன்னா அவரு."

அதெல்லாம் பிடிச்சுக்கும். அதே வாய், அதே வார்த்தை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அழகி கேட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கார்முகில், "ஓனரே அடின்னா அடிச்சுட்டு வர வேண்டியதுதான? உரிஞ்சா அவரு சுவருதானே உரியுது" என்றார்.

"சுவரு அவருதுதான். பேரு என்னுது."

"இந்த வேலயும் போச்சுன்னா அந்த மூணு புள்ளைகளும் மறுபடி அவருகிட்ட உப்புத்தாளு தேய்க்கத்தான் போகணும். அத யோசிச்சியா?"

யோசிக்காமல் இருப்பாளா? வேண்டாம் என்றால் வேலை போகும், கூட வந்தவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். சரி என்றால் ஆடி மாசத்துக்குள் சுவர் கொப்புளித்து, 'பொம்பள அடிச்ச பெயிண்டு' என்று நார்த்தாமலை வரைக்கும் ஊர் சிரிக்கும். அதற்கப்புறம் எந்த வீட்டுக்காரி கூப்பிடுவாள்? அழகி தலையைத் திருப்பி முன்னறைச் சுவரைப் பார்த்தாள். கார்முகிலும் பார்த்தார்.

காலையில் போன் போட்டாள். "சார், பதிலு சொல்லத்தான் கூப்புட்டேன். ஆனா போன்ல சொல்ற பதிலு இல்ல. டீச்சரையும் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு எங்க வீட்டுக்கு வாங்க."

ரெண்டு பேரும் காரில் வந்தார்கள். முன்னறையில் நுழைந்த ஜெரால்டு சுவரைப் பார்த்ததும் சட்டென்று நின்றார். என்னடா, இவளிடமா வீட்டைக் கொடுத்தோம் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அழகி அதைக் கண்டுகொள்ளாமல் ரெண்டு பேரையும் உட்காரவைத்து, மகள் அன்புமொழியின் சடங்கு ஆல்பத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

"எம் மக பெரிய மனுசி ஆனப்ப எடுத்தது. அப்பத்தான் இந்த ரூமு கட்டி முடிச்சோம். தாய்மாமன் சீரு கொண்டாராரு, எங்க அண்ணன், மூணு வேன் வச்சுக்கிட்டு வாராரு. வெறும் பூச்சுச் சுவத்துக்கு முன்னாடியா அவரு நிக்கிறது, கலரு அடிக்கணும்னு எல்லாரும் ஒத்தக்கால்ல நின்னாங்க. பூசிப் பத்து நாளு. சடங்குக்கு மொத நாளு ரோஸ் கலரு டிஸ்டம்பர் அடிச்சாங்க. இந்தா பாருங்க."

தாய்மாமன் எடுத்துவந்த மயில்கழுத்துப் பட்டில் ஒரு பெண் நிற்கிறாள். படமெடுக்கிற ஆள் திரும்பச் சொன்னபோது பதிந்த படம். முதுகிலிருந்து இடுப்பு வரை பட்டில் ரோஸ் கலர் அப்பியிருக்கிறது.

"சுவத்துல சாஞ்சுட்டா. சின்னப் புள்ள, கால் கடுத்துச்சு. எல்லாரும் ஈரத்துணிய வச்சுத் தொடச்சு இன்னும் இழுத்து விட்டுட்டாளுக. எங்க அண்ணன் சாப்புடாமப் போயிட்டாரு. மூணு மாசத்துல சுவரும் இப்புடி ஆச்சு."

"யாருக்கா அடிச்சது?" என்றாள் ஷர்லி.

"அது யாரா இருந்தா என்ன டீச்சர். தப்பு அந்த ஆளு மேல இல்ல." அழகி ஆல்பத்தை மூடினாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "கலரு அடிக்கிறதுக்கு முந்துன நாளு காலைல இந்தச் சுவத்துக்குத் தண்ணி அடிச்சது நாந்தான். சொட்டச் சொட்ட அடிச்சேன். உள்ள அம்புட்டுத் தண்ணி இருக்குன்னு அந்த வீட்டுலயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சட்டி தூக்குறவ பெயிண்டு பத்திப் பேசுறதான்னு வாய மூடிக்கிட்டு நின்னேன். ஊருல எல்லாரும் சுவத்தக் கொற சொன்னாங்க, நான் மட்டும் என்னைய ஏசிக்கிட்டேன். அதுக்குத்தான் மத்த மூணு சுவத்தையும் சொரண்டி அடிச்சுட்டு இத மட்டும் சொரண்டாம வச்சிருக்கேன். வேலைக்குக் கெளம்புறப்ப தெனமும் இது மூஞ்சில முழிச்சுட்டுத்தான் போவேன். இன்னைக்கும் தெரிஞ்சுக்கிட்டு வாய மூடுனா, இந்த ஆறு வருஷமும் தெண்டம் சார். வேல எனக்கு இல்லன்னாலும் பரவாயில்ல, பெயிண்ட மட்டும் இப்ப அடிக்காதீங்க."

ஜெரால்டு எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு செதில் உதிர்ந்து அவர் செருப்பில் விழுந்தது.

"அப்ப ஃபாதர் வாரப்ப வெறும் சிமெண்டுச் சுவத்தையா காட்டுறது?" என்றார். ஆனால் கேட்ட தோரணை நேற்றைய தோரணை இல்லை.

"யாரு சொன்னா? ஒயிட் சிமெண்ட் அடிச்சுத் தாரேன். அது ஈரத்துக்குப் பயப்படாது. சுவரு மூச்சு விடுறதையும் மறிக்காது. ரெண்டு கோட்டு. பொறகு காஞ்சதும் அதும் மேலயே பட்டி, பிரைமரு, ஒங்க நீலம். எம் பொறுப்பு."

ஷர்லி வீட்டுக்காரரைப் பார்த்தாள். "ஏங்க, இவங்க சொல்றபடியே இருக்கட்டும்" என்றாள். அத்தோடு முடிந்தது.

நாலு பெண்களும் இறங்கி அடித்தார்கள். போர்த் தண்ணீரில் உப்பு இருந்ததால் சுவரில் அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை நனைக்காமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்தாள் அழகி. கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் கோட்டைக் குறுக்கே இழுத்தார்கள், ரெண்டாவதை மேலிருந்து கீழாக. மந்திரிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போதே வீடு வெளேரென்று நின்றது.

மந்திரிப்பு அன்று ஃபாதர் ஜெபம் சொல்லிக்கொண்டே ரூம் ரூமாகத் தீர்த்தம் தெளித்தார். விழுந்த துளியெல்லாம் வழியாமல் சுவருக்குள்ளேயே போயிற்று. அழகி புதுப்புடவை கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பத்திரிகையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். சாப்பாட்டுக்கு வந்திருந்த ஆண்டியப்பன் மேஸ்திரி எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே கேட்டார்.

"என்ன தம்பி, சிங்கப்பூர்க்காரரு வீடு பாதியில நிக்குது?"

ஜெரால்டு சிரித்துக்கொண்டே, "பாதியில நிக்கலண்ணே. காஞ்சுக்கிட்டு இருக்கு. பிரியாணி ஆறுது, ஒக்காருங்க" என்றார். மேஸ்திரி போய் இலை முன்னால் உட்கார்ந்தார்.

ஜெரால்டு விமானம் ஏறிப் போனார். அழகி வாரம் தவறாமல் புதன்கிழமை போய்ப் புதுசாகக் கவர் ஒட்டி, மறுநாள் படம் எடுத்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். தை முழுக்க ஹால் சுவர் வியர்த்தது. மாசி ரெண்டாவது வாரம் கவர் உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. இவளா விடுகிற ஆள்? இன்னொரு வாரம் பார்த்தாள். அதுவும் காய்ந்தே இருந்தது. அப்புறம்தான் பட்டித் தகட்டைக் கையில் எடுத்தாள். ரெண்டு தடவை பட்டி, தேய்ப்பு, பிரைமர், ரெண்டு கோட் இளநீலம். கடைசி நாள் ஷர்லி வீடியோவில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினாள்.

"போனச் சுவத்துக்கிட்ட கொண்டு போ" என்றார் ஜெரால்டு. கொண்டு போனாள். "இன்னும் கிட்ட." திரையில் நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்புறம், "அழகிக்கா இருக்காங்களா?" என்றார்.

"இருக்கேன் சார்."

"நான் வாரப்பவும் இப்புடியே இருக்குமா?"

"நீங்க வந்து கையால தொட்டுப் பாத்துட்டு அப்புறம் எங்கிட்டப் பேசுங்க."

அந்த வருஷம் மழையும் வந்தது, போனது. சுவரில் ஒரு கொப்புளம் கிடையாது. ஷர்லியின் ஸ்கூல் டீச்சர்களில் ரெண்டு பேர் அழகியைக் கூப்பிட்டார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் அழகி போனில் ஆண்டியப்பன் மேஸ்திரி பேர் வந்தது. தனியாகக் கிளம்பிய நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பேசாத மனுஷன்.

"அழகி, நல்லாருக்கியாத்தா? திருமயம் பக்கம் ஒரு வீடு பிடிச்சிருக்கேன். பூசி இருவது நாளுதான் ஆச்சு. வீட்டுக்காரரு காலு மேல காலப் போட்டுக்கிட்டு நாளைக்கே அடிங்கறாரு. போன வருஷம் இப்புடித்தான் ஒருத்தரு பேச்சக் கேட்டு அடிச்சு, ஒரு வீடு பூராம் உரிஞ்சு எம் மானம் போச்சு. நீ ஏதோ பால் கவரு ஒட்டிக் காட்டுறியாமே. வந்து அந்த ஆளுக்குக் காட்டேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."

சாரத்தில் ஏறி நின்றவனெல்லாம் மேஸ்திரி ஆகிவிட்டால் நாங்கள் எதுக்கு என்றாரே, அதை இப்போது திருப்பிக் கொடுத்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அழகி அடக்கிக்கொண்டாள்.

"வாரேண்ணே. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

சாயங்காலம் வண்டியில் வந்து இறங்கினார். முன்னறையில் கால் வைத்தவர் சுவரைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சொந்தக் கையால் அடித்த கலர் எந்த மேஸ்திரிக்குத்தான் மறக்கும்? சடங்குக்கு முதல் நாள் வந்து அடித்துவிட்டுப் போனவர், ஏழு வருஷம் ஆகப்போகிறது, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"இது நான் அடிச்சதுல்ல?" என்றார்.

"ஆமாண்ணே."

"நாலு வருஷம் எங்கூட நின்னு தேச்சியே. ஒரு நாளாச்சும் சொன்னியா?"

"சொல்லல. அதுதான்ணே நான் பண்ணுன தப்பு."

மேஸ்திரி சுவர்ச் செதிலை விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு வெளியே போனார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றே அழகி நினைத்தாள். வண்டிப் பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் பட்டித் தகடு இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுவரடியில் குத்தவைத்து உட்கார்ந்தார். கீழ் மூலையில் தகட்டைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். அத்தனை வருஷத்து ரோஸ் கலர் ஒரு முழ நீளத்துக்குப் பிய்ந்து விழுந்தது.

அழகிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வரும்போது கையில் ஒரு பால் கவரும் டேப்பும் இருந்தது.

"சொரண்டுறதச் சொரண்டுங்கண்ணே" என்றாள். "ஆனா இத ஒட்டிப் பாத்துட்டுத்தான் பட்டி."